சமையல்காரரைத் தேடி ஓப்பநாயக்க வரை

விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் எதற்காக இலங்கை போகிறீர்கள் என்று கேட்டார். ஒருவரை வீட்டுக்குத் திரும்பக் கூட்டிவர என்றேன். மகனா என்றார். இல்லை. மகளா என்றார். இல்லை. அதற்குள் சாப்பாட்டுத் தள்ளுவண்டி வந்து என்னைக் காப்பாற்றியது.

நான் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து தென்னிந்தியாவைப் பின்பக்கமாகவே பார்த்து முடித்தவன். எங்களை லூப் லைனில், பக்கத் தண்டவாளத்தில், தள்ளிவிட்டு மெயில் போகும், எக்ஸ்பிரஸ் போகும், பாசஞ்சர்கூடப் போகும். நாங்கள் காத்திருப்போம். அத்தனை காலம் காத்திருந்தும் பொறுமை மட்டும் எனக்கு வரவில்லை. ராமையா தங்கை மகள் கல்யாணத்துக்கென்று இலங்கை போனார். கல்யாணம் முடிந்தது, மறுவீட்டு விருந்து முடிந்தது, விசாவை நீட்டிக்கொண்டார். இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்றார். போன வாரம் போனில், "நான் அங்க வரல. நீங்க வேற ஏற்பாடு பண்ணிக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். எழுபதை எட்டப்போகிற வயதில் என்னத்தை ஏற்பாடு பண்ணுவது? அன்றைக்கே கிளம்ப ஏற்பாடு பண்ணினேன்.

ராமையா யார் என்று எங்கள் தெருவில் கேட்டால், கார்டு வீட்டுச் சமையல்காரர் என்பார்கள். தெருவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நானும் அவரும் முப்பது வருஷத்துக்கு மேலாக ஒன்றாக வாழ்கிறோம். புருஷன் பெண்டாட்டி எப்படி வாழ்வார்களோ அப்படி. சண்டையும் அதே ரகம்தான். இதை இவ்வளவு பட்டவர்த்தனமாக எழுதுவது இதுதான் முதல் தடவை.

கொழும்பு புறக்கோட்டை பஸ் நிலையத்தில் ஓப்பநாயக்க போகுமா என்று ஒரு கண்டக்டரிடம் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். நம்மூரிலும் ஆமாம் என்பதற்கு இப்படித்தான் ஆட்டுவார்கள் என்று நம்பி ஏறிவிட்டேன். ஏறிய பிறகுதான் பாட்டு. டிரைவர் தலைக்கு மேல் ஒரு டிவி, அதில் சிங்களப் பாட்டு, மூடி மூடித் திறக்கிற விளக்குகள், நடுவில் புத்தர் படம். அவிசாவளை தாண்டியதும் மழை பிடித்தது. நம்மூர் மழை வந்து போகும். இந்த மழை வந்து குடியிருக்கிறது. ரோட்டின் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், அதற்கு மேலே மேகம், மேகத்துக்கு உள்ளே என்ன இருக்கிறதோ தெரியவில்லை.

முன் சீட்டில் இரண்டு பெண்கள் சிங்களத்தில் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி பேசப் பேச மற்றவள் உச்சுக்கொட்டினாள். பக்கத்தில் இருந்த தமிழ் வாத்தியாரிடம் என்ன விஷயம் என்று கேட்டேன். பையன் கொரியாவில் வேலை பார்க்கிறானாம், மாசம் தவறாமல் பணம் வருதாம், ஆள்தான் வரமாட்டேன் என்கிறானாம் என்று மொழிபெயர்த்தார். அதற்குப் பிறகு அவர்கள் என்ன பேசினார்கள் என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

இரத்தினபுரியில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக ஒருவர் உள்ளங்கையை நீட்டினார். அதில் ஒரு நீலக் கல். வாங்குகிறீர்களா என்று கண்ணாலேயே கேட்டார். மழையில் நனைந்துகொண்டு நிற்கும் மனிதர் கையில் அவ்வளவு விலையுள்ள கல் இருக்குமா? இருந்தாலும் இருக்கும், இந்த ஊர் அப்படி என்றார் வாத்தியார். வீட்டுக்குப் பின்னால் கிணறு வெட்டினால்கூட மண்ணைச் சலித்துப் பார்த்துவிட்டுத்தான் கொட்டுவார்களாம். சொல்லிவிட்டு அவரும் அங்கேயே இறங்கிக்கொண்டார்.

பெல்மதுளை சந்தியில் கைகாட்டி ஓப்பநாயக்க என்று நேராகக் காட்ட, பஸ் வலது பக்கம் திரும்பியது. எழுந்து நின்று ஓப்பநாயக்க, ஓப்பநாயக்க என்றேன். பஸ் எம்பிலிப்பிட்டிய போகிற பஸ். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் அதே மாதிரி தலையை ஆட்டி என்னையும் என் பெட்டியையும் மழையில் இறக்கிவிட்டார். ஆயுள் முழுக்க வண்டிகளைச் சரியான லைனில் அனுப்பியவன், தப்பான லைனில் ஏறி வந்து நின்றேன்.

ஒதுங்கியது ஒரு முஸ்லிம் பெரியவரின் சாப்பாட்டுக் கடையில். எல்லாரும் நானா என்று கூப்பிட்டார்கள், அண்ணன் என்று அர்த்தமாம், நானும் அப்படியே கூப்பிட்டேன். சோறு, பருப்பு, மாசிக் கருவாடு போட்டு இடித்த தேங்காய்ச் சம்பல், ஒரு துண்டு மீன். காரம் மண்டையில் ஏறியது. கடைசியில் பால் இல்லாத தேநீர், பிளேன்டீ என்கிறார்கள். சுற்றிலும் மலை முழுக்கத் தேயிலை, கிளாசில் வெறும் தூசு. நல்ல தூளெல்லாம் கப்பல் ஏறிடும், எங்களுக்கு மிஞ்சுறதுதான் என்றார் நானா. இந்த மழையில் மேலே போக வேண்டாம், வழியில் மண்சரிவு என்கிறார்கள் என்று மாடியில் ஓர் அறையும் கொடுத்தார். என்ன அலுவலாக வந்தீர்கள் என்று கேட்டார். சமையல்காரரைக் கூட்டிப்போக என்றேன். வாய் பழகிப்போன பொய், தானாக வந்தது.

"சமையல்காரரத் தேடி இந்தியாவிலேந்து வந்தீங்களா? அப்ப மிச்சம் ருசியாச் சமைக்கிற மனுசன் போல" என்றார் நானா.

ஆமாம், ரொம்ப ருசிதான் என்றேன். அதுமட்டும் பொய்யில்லை.

மழை விடுவதாக இல்லை. அந்த அறையில் இரும்புக் கட்டில், மெல்லிய மெத்தை, சுவரில் ஓர் ஆணி. அசல் ரன்னிங் ரூம். ரயிலில் வேலை பார்க்காதவர்களுக்கு ரன்னிங் ரூம் தெரியாது. வண்டியை ஓர் ஊரில் கொண்டு சேர்த்துவிட்டு, திரும்பும் வண்டி வரும்வரை டிரைவர்களும் கார்டுகளும் படுத்து எழும் இடம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அரிசி, பருப்பு, காய் எல்லாம் அவரவர் பெட்டியில் கொண்டுபோக வேண்டும். சமையல்காரர் வாங்கி, ஆளுக்கொரு பாத்திரத்தில் தனித்தனியாகச் சமைத்து, பாத்திரத்தில் சாக்பீஸால் பெயர் எழுதி வைப்பார். ஒருவர் அரிசி இன்னொருவர் பாத்திரத்தில் விழக்கூடாது. ஜாதி பார்க்கிறவர்களுக்கு அது வசதி, கஞ்சர்களுக்கும் வசதி.

எங்கள் லைனில் இருந்த ஒரு ரன்னிங் ரூமுக்கு ராமையா சமையல்காரராக வந்து சேர்ந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பதினேழு வயதில் அப்பாவோடு கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். அம்மாவும் சின்னத் தங்கையும் தோட்டத்திலேயே நின்றுவிட்டார்கள். இருக்கும் நாட்டில் குடியுரிமை இல்லை, போகும் நாட்டில் தெரிந்த முகம் இல்லை. முதலில் தண்டவாளத்தில் கல் வாரிப் போடுகிற வேலை, அப்புறம் அடுப்படி. சிலோன்காரன் கையால் சாப்பிடமாட்டேன் என்று சில பேர் அவர்களே சமைத்துக்கொண்டார்கள். நான் சாப்பிட்டேன். ஒரு நாள் என் அரிசியையும் அவருடைய அரிசியையும் ஒரே பாத்திரத்தில் போட்டு வடித்துவிட்டு, "மாறிப்போச்சு சார்" என்றார். அடுத்த தடவையும் மாறிப்போச்சு. அதற்கு அடுத்த தடவையும். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் ஒரு மட்டி.

இப்போது பையன்கள் தன்பாலீர்ப்பு என்று கௌரவமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு இருந்த பெயர்களை இங்கே எழுத முடியாது. எல்லாம் வசவு. வேறோர் ஊர் ரன்னிங் ரூமில் ஒரு டிரைவரைப் பற்றிப் பேச்சு கிளம்பியது. யாரும் மேலிடத்துக்கு எழுதவில்லை, யாரும் அடிக்கவில்லை. அவர் படுத்த கட்டிலில் படுக்கமாட்டோம் என்றார்கள், அவ்வளவுதான். வராந்தாவில் படுத்துப் பார்த்தார், பிறகு அவரே வேறு ஊருக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார். அந்தக் கட்டிலை நினைத்து நினைத்தே நானும் ராமையாவும் வேலைக் காலத்தை ஓட்டினோம். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ என் வண்டி ராமையா இருந்த ஊரில் நிற்கும். அதுதான் எங்கள் குடித்தனம். பெண் பார்க்கலாமா என்று வீட்டில் கேட்கும்போதெல்லாம் டியூட்டி, டியூட்டி என்றே சொல்லி என் கல்யாண வயதைக் கடத்தினேன்.

ஓய்வு பெற்று இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குக் குடிபோனபோது, தெருவுக்கு என்ன சொல்வது என்ற கேள்வி வந்தது. ராமையாதான் வழி சொன்னார். "சமையல்காரன்னு சொல்லிடுவோம். யாரும் ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டாங்க." யாரும் கேட்கவில்லை. ராமையாவுக்கும் பென்ஷன் வருகிறது, அவருக்கு எதற்குச் சமையல் வேலை என்றுகூட ஒருத்தரும் யோசிக்கவில்லை. நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். கோர்ட்டே எங்களைப் போன்றவர்கள் குற்றவாளிகள் இல்லை என்று சொன்ன அன்று டிவியில் கொடி பிடித்துக் கொண்டாடினார்கள். ராமையா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் நறுக்கினார். அப்போதாவது நான் கேட்டிருக்கலாம், என்ன நினைக்கிறாய் என்று.

மறுநாள் மழை விட்டது. நானா ஏற்பாடு செய்த த்ரீவீலில், நம்மூர் ஆட்டோதான், ஓப்பநாயக்க போனேன். டிரைவர் சிங்களவர். தெரிந்த தமிழையெல்லாம் என்மேல் இறக்கினார். "நல்ல தோட்டம், நல்ல ஆக்கள், ரோட்டு மட்டும் நல்லம் இல்ல" என்றார். ரோடு நல்லம் இல்லை என்பது என் இடுப்புக்குத் தெரிந்தது. கடைசி ஏற்றத்தில் த்ரீவீல் நின்றேவிட்டது. அவர் ஹேண்டிலைப் பிடிக்க நான் பின்னால் தள்ளினேன். இப்படியாக, முழங்கால் வரை சேறோடு, மூச்சு வாங்கிக்கொண்டு, ராமையாவின் தங்கை புஷ்பத்தின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

லயம் என்றால் ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் ஐந்தாவது வீட்டில் கேட்கும். நான் போய் நின்றதும் எல்லா வாசலிலும் தலைகள். அண்ணன் வேலை பார்க்கிற வீட்டுத் தொர வந்திருக்காரு என்று யாரோ சொன்னார்கள். தோட்டத்தில் துரை என்றால் எல்லாருக்கும் மேலே உள்ள மானேஜர். ஆயுளில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. புஷ்பம் ஒரு நாற்காலியைத் துடைத்து, மேலே துண்டு விரித்து, "உக்காருங்கையா" என்றார். அறுபது வயது இருக்கும். கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. மரியாதை இருந்தது, முகத்தில் சிரிப்பு மட்டும் இல்லை.

ராமையா உள்ளேயிருந்து வந்தார். சாரம் என்கிற லுங்கி கட்டியிருந்தார், கொஞ்சம் சதை போட்டிருந்தார். புஷ்பத்தின் இரண்டு பேரப்பிள்ளைகள் அவர் காலைக் கட்டிக்கொண்டு பாதி தமிழும் பாதி சிங்களமுமாக எதையோ கேட்டு நச்சரித்தன. அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டியது. அவர், "வாங்க சார்" என்றார். வீட்டில் என்னை வெறும் கார்டு என்றுதான் கூப்பிடுவார். அந்த சார் எனக்குச் சுரீர் என்றது.

மத்தியானம் எனக்கு மட்டும் தனியாக நாற்காலியில் சாப்பாடு. பலாக்காய்க் கறி, வல்லாரைச் சம்பல், நெத்திலிப் பொரியல். பழக்க தோஷத்தில் ராமையா எழுந்து எனக்குக் கறி ஊற்ற வந்தார். புஷ்பம் அவர் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினார்.

"நீ உக்காருண்ணே. இங்க வந்தும் நீ யாருக்கும் ஊத்திக் குடுக்க வேணாம்."

என்னைப் பார்க்கவே இல்லை, ஆனால் அது எனக்குத்தான்.

சாயங்காலம் நடந்துவிட்டு வரலாம் என்று ராமையாவைக் கிளப்பினேன். ஒரு காலத்தில் கொழும்பிலிருந்து குட்டி ரயில் ஒன்று ஓப்பநாயக்க வரை வந்துகொண்டிருந்தது. சிறு பிள்ளையில் ராமையா தேயிலைச் செடிக்குள் நின்று அதற்குக் கை காட்டியிருக்கிறார். தண்டவாளத்தை எப்போதோ பெயர்த்துவிட்டார்கள், தடம் மட்டும் ஒற்றையடிப் பாதையாக இருக்கிறது. அதில் நடந்தோம். கொஞ்ச தூரம் போன பிறகு கவனித்தேன், இரண்டு பேரும் இல்லாத ஸ்லீப்பர் கட்டைகளின் இடைவெளிக்குக் கால் வைத்து நடந்துகொண்டிருந்தோம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஏன் வரமாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன். தங்கச்சி தனியா இருக்கா என்றார். தங்கச்சிக்குப் பிள்ளை, மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் கண்ணெதிரே இருக்கிறார்கள், கதை விடாதே என்றேன். இந்த ஊர்த் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொண்டது என்றார். நான் விடவில்லை. நான் என்ன செய்தேன், என்ன குறை வைத்தேன் என்று கத்தியே விட்டேன். கொழுந்து மூட்டையோடு போன இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராமையா நின்றார்.

"சமையல்காரன்னு நான் சொன்ன பொய்தான் கார்டு. ஒங்க மேல குத்தம் இல்ல. ஆனா எனக்கு வயசாகுது. இங்க என்னய மாமாங்கிறாங்க, தாத்தாங்கிறாங்க. கோயில்ல கூப்பிட்டு முதல் வெத்தலைய எனக்குக் குடுத்தாங்க. நம்ம தெருவுல நாளைக்கி நான் செத்தா என்னா சொல்லுவாங்க? கார்டு வீட்டு சமையல்காரன் போயிட்டாருன்னு சொல்லுவாங்க. ஒருத்தன் வந்து ஒங்க கையப் புடிச்சி ஆறுதல் சொல்ல மாட்டான். வேற ஆளு பாக்கட்டுமான்னு கேப்பான்."

கேட்பான். சத்தியமாகக் கேட்பான். எதிர் வீட்டுக்காரர் இந்த மூன்று மாதத்தில் ஏற்கனவே இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

திரும்பி வரும்போது, தெருவுக்கு நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், போதுமா என்றேன். "ஒங்க வாய்க்கு வராது" என்றார் ராமையா, கோபமில்லாமல். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது, ஏனென்றால் அவர் சொன்னது சரி. முதல் நாள் மழைக்கு ஒதுங்கிய கடையில், இனி வாழ்க்கையில் பார்க்கப் போகாத ஒரு மனிதரிடம்கூட எனக்கு வரவில்லையே.

எனக்கு முன்னறைக் கட்டிலைக் கொடுத்தார்கள். ராமையா உள்ளே பேரப்பிள்ளைகளோடு பாயில். அவருடைய இருமல் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்டது. எழுந்துபோய் நெஞ்சில் தைலம் தேய்த்துவிட முடியாது. நான் அந்த வீட்டுத் தொர ஆயிற்றே.

விடிந்ததும் ராமையா பீலிக்குக் குளிக்கப் போனார். பீலி என்பது மலைத் தண்ணீர் குழாய் வழியாக வந்து கொட்டும் இடம். அவர் தலை மறைந்ததும் புஷ்பம் என்னிடம் வந்தார். இரவெல்லாம் ஒத்திகை பார்த்தவர் போல நேராகப் பேசினார். "ஐயா கோவிச்சிக்கக் கூடாது. எங்க அண்ணன இனி வேலைக்கி அனுப்ப மாட்டோம். நீங்க அவர நீ, வா, போங்கிறீங்க, அவரு ஒங்கள சார்ங்கிறாரு. இந்த வயசுல ஒருத்தர் வீட்டு அடுப்படியில அவரு என்னாத்துக்குக் கெடக்கணும்? நீங்க வேற ஆளு பாத்துக்கங்க."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்த் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். எங்களைப் போன்றவர்கள் குற்றவாளிகள் என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்த சட்டம் இந்த நாட்டில் இன்னும் அப்படியே இருக்கிறதாம், கிளம்பும் முன் பேப்பரில் படித்திருந்தேன். லயத்துச் சுவருக்கோ காது அதிகம். இருந்தாலும் போனேன். அடுப்படியில் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன். முட்டி மடங்க மறுத்தது, மடக்கினேன்.

"வேற ஆளு கிடையாதும்மா. அவர் எனக்குச் சமையல்காரர் இல்ல. எனக்குக் கல்யாணம் ஆகல, அவருக்கும் ஆகல, ஏன்னு நீங்க யோசிச்சதில்லையா? எனக்கு அவர்தான். அவருக்கு நான்தான். ரயில்ல இருந்த காலத்துலேந்து."

புஷ்பம் துருவுவதை நிறுத்தவில்லை. வெள்ளை முடிந்து சிரட்டையின் பழுப்பு உதிர ஆரம்பித்த பிறகும் துருவினார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. கடைசியில் சிரட்டையைக் கீழே வைத்தார். கண்ணில் தண்ணீர். அருவருப்பா, அவமானமா, என்னால் கணிக்க முடியவில்லை.

"எத்தன தீவாளிக்கி அழுதிருக்கேன் தெரியுமா?" என்றார். "இந்தியாவுல எங்க அண்ணனுக்குன்னு ஒரு நாதி இல்ல, தனியாக் கெடந்து சாகப் போறாருன்னு. அம்மா சாகுறப்பவும் அதே கவலயிலதான் செத்துச்சு. ஆளு இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? என்னான்னு சொன்னா என்னா, எப்புடின்னு சொன்னா என்னா, ஆளு இருக்குன்னு சொல்லியிருக்கலாமே."

ராமையா ஈரத் துண்டோடு வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டாரோ தெரியாது. புஷ்பம் அவர் பக்கம் திரும்பி அதையே அவருக்கும் கொடுத்தார், இன்னும் காரமாக. பாதியில் சிங்களத்துக்கு மாறினார். லயம் முழுக்கச் சிங்களம் தெரியும் என்பதால் அதில் ரகசியம் ஒன்றும் இல்லை, கோபம் வந்தால் அப்படித்தான் போலிருக்கிறது. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ராமையா வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டது மட்டும் தெரிந்தது. முப்பது வருஷத்தில் நான் எத்தனை கத்தியும் அவர் அப்படி நின்றதில்லை.

எல்லாம் அடங்கியதும் ராமையா சொன்னார், அங்கே வருவதாக இருந்தால் இனி அடுப்புப் பக்கமே போகமாட்டாராம். சரி என்றேன். தண்ணீர்கூடக் காய்ச்சத் தெரியாதே என்றார். பழகிக்கொள்கிறேன் என்றேன். அப்போதும் வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. வந்தால் என்பதோடு நின்றுகொண்டார்.

"அப்ப இந்தாங்க" என்று புஷ்பம் மாவுச் சட்டியை என் பக்கம் தள்ளினார். தேங்காய் ரொட்டி. மாவில் தேங்காயைப் போட்டுப் பிசைந்து கையால் தட்ட வேண்டும். நான் தட்டியது இலங்கை மேப் மாதிரிகூட வரவில்லை, கண்டபடி வந்தது. தண்ணீர் கூடிப் போச்சு, மாவு போடுங்க. மாவு கூடிப் போச்சு, தண்ணி தெளிங்க என்று புஷ்பம் விரட்டினார். ஐயா என்ற சொல் எங்கேயோ நழுவி விழுந்துவிட்டது. ராமையா என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதல் ரொட்டி கருகியது. இரண்டாவது கல்லில் ஒட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு சுண்டு அரிசி கைமாற்று வாங்க வந்தாள். நான் தரையில் மாவுக் கையோடு இருப்பதையும் ராமையா நாற்காலியில் இருப்பதையும் மாறி மாறிப் பார்த்தாள். "தொர அண்ணனக் கூட்டிட்டுப் போகவா வந்திருக்காரு?" என்று புஷ்பத்திடம் கேட்டாள்.

புஷ்பம் என்னைப் பார்த்தார். ராமையாவும் என்னைப் பார்த்தார், என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிந்தவர் போல. அடுப்பில் விறகு புகைந்தது.

"நான் தொர இல்லம்மா" என்றேன். "நானும் ராமையாவும் ஒண்ணா வாழறவங்க. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அவர் இல்லாம என்னால இருக்க முடியல. அதான் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

அவள் என்னைப் பார்த்தாள், கல்லில் ஒட்டிய ரொட்டியைப் பார்த்தாள். "அப்ப புஷ்பக்கா மக கல்யாணத்துக்கே ரெண்டு பேருமா வந்திருக்கலாமே" என்றாள். அரிசியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இன்னும் கால் மணி நேரத்தில் கடைசி வீடு வரைக்கும் தெரிந்துவிடும். யார் சிரிப்பார்கள், யார் காறித் துப்புவார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது.

ராமையா எழுந்தார். உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது, துணிகளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது.

"புஷ்பம், ஏம் பாஸ்போட்ட எங்க வச்ச?"